தரவும் சொல்லும்: பரிணாம உயிரியலிலும் சூழலியலிலும் ஆய்வுத் தரவு பொதுவான வரலாறு

1. முன்னுரை

தமிழ் யாப்பிலக்கணத்தில் 'தரவு' என்பது கலிப்பாவின் உறுப்புகளுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் தமிழ் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளையும் அளித்தது. ஆய்வுக்கு அடிப்படையாக அமையும் அளவுகளும் எண்ணிக்கைகளும் குறிப்புகளும் இன்று தரவு என வழங்குகின்றன. இலத்தீன் மொழியில் 'டேட்டம்' என்பதற்குக் 'கொடுக்கப்பட்டது' என்பது பொருள். 'தரவு' என்பதும் 'தரு' என்னும் வினையடியாகப் பிறந்ததே. சொற்பொருள் அளவில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன. ஆயினும் அறிவியலின் நடைமுறையில் தரவு பிறருக்குத் தரப்பட்டது மிக அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்னர் முடிவுகள் அச்சேறின. முடிவுகளுக்கு அடிப்படையான அளவுகள் ஆய்வாளரின் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டன.

பரிணாம உயிரியல், சூழலியல் ஆகிய இரு துறைகளிலும் இது தனித்த முக்கியத்துவம் உடையது. வேதியியலில் ஒரு சோதனையின் குறிப்புகள் தொலைந்துபோனால் அச்சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்தில் ஒரு குறிப்பிட்ட காட்டில் எத்தனைப் பறவைகள் இருந்தன என்பதை மீண்டும் எண்ண இயலாது. அங்கே தரவின் இழப்பு நிலையான இழப்பாகும்.

இவ்விரு துறைகளிலும் ஆய்வுத் தரவு படிப்படியாகப் பொதுவான வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. எண்களை வெளியிடுவதைக் காட்டிலும் அவ்வெண்களின் பொருளைச் சொல்லால் வரையறுப்பதே ஒவ்வொரு கட்டத்திலும் கடினமான பணியாக இருந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதனை அறிந்திருக்க வேண்டிய காரணமும் அதுவே.

2. நூற்று முப்பத்தாறு சிட்டுக்குருவிகள்

1898 பிப்ரவரி முதல் நாள், அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள பிராவிடென்ஸ் நகரில் பனியும் மழையும் கலந்த கடும் புயல் வீசியது. புயலில் சிக்கிச் செயலற்றுக் கிடந்த 136 சிட்டுக்குருவிகள் பிரவுன் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று ஆய்வகத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் 72 பிழைத்தன, 64 இறந்தன. அங்குப் பேராசிரியராக இருந்த ஹெர்மன் பம்பஸ், டார்வின் கூறிய இயற்கைத் தேர்வை நேரில் காண இது ஒரு வாய்ப்பு எனக் கருதினார். பிழைத்தவற்றுக்கும் இறந்தவற்றுக்கும் உடலளவில் வேறுபாடு உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா.

உடல் நீளம், சிறகு விரிப்பின் அகலம், எடை, அலகும் தலையும் சேர்ந்த நீளம், சிறகின் மேலெலும்பு, தொடை எலும்பு, கால் எலும்பு, மண்டையோட்டின் அகலம், மார்பெலும்பு முகட்டின் நீளம் என ஒன்பது அளவுகளை அவர் ஒவ்வொரு பறவையிலும் எடுத்தார். இயல்பான அளவிலிருந்து மிகவும் விலகிய பறவைகளே பெரிதும் இறந்தன என முடிவு கூறினார். 1899 இல் அச்சான அவருடைய உரை அம்முடிவோடு நிற்கவில்லை. 136 பறவைகளின் அளவுகளும் தனித்தனியே, பாலும் பிழைப்பும் இறப்பும் சுட்டப்பெற்று, அட்டவணையாக அதில் இடம்பெற்றன.

பம்பஸின் கட்டுரை இன்றும் பயிலப்படுவதற்குக் காரணம் அந்த அட்டவணையே எனலாம். 1911 இல் ஆர்தர் ஹாரிஸ் என்பவர் 'புறக்கணிக்கப்பட்ட ஒரு கட்டுரை' என்று தலைப்பிலேயே சுட்டி அதனை மீண்டும் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1972 இல் ஜான்ஸ்டனும் அவருடன் பணியாற்றியோரும் அதே எண்களைப் புதிய புள்ளியியல் முறைகளால் ஆராய்ந்து, ஆண் பறவைகளில் நிகழ்ந்த தேர்வும் பெண் பறவைகளில் நிகழ்ந்த தேர்வும் ஒரே தன்மையன அல்ல எனக் காட்டினர். 1983 இல் லேண்டே, ஆர்னால்டு ஆகிய இருவரும், ஒன்றோடொன்று தொடர்புடைய பல பண்புகளின்மீது இயங்கும் தேர்வை அளக்கத் தாம் வகுத்த முறைக்கு இக்குருவிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். பம்பஸ் அறிந்திராத கணித முறைகள் அவர் எடுத்த அளவுகளுக்குப் பொருத்தப்பட்டன. அவருடைய முடிவு திருத்தம் பெற்றது. அவருடைய தரவு நிலைத்தது.

இந்த அட்டவணையிலும் ஒரு சொல் இடர் தருகிறது. பம்பஸ் ஆண் பறவைகளை முதிர்ந்தவை, இளையவை எனப் பிரித்தார். சிட்டுக்குருவிக் குஞ்சுகள் தம் முதல் இலையுதிர் காலத்திலேயே இறகுகளை முழுமையாக மாற்றிக்கொள்வதால், பிப்ரவரி மாதத்தில் இறகைக் கொண்டு வயதைப் பிரிப்பது எளிதன்று. ஆகவே 'இளையது' என்ற சொல்லுக்குப் பொருள் கொள்வதில் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எடையைக் கிராமில் எடுத்தாரா, நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்தாரா என்ற ஐயம் எழுவதில்லை. எண்களைவிட வகைப்பாட்டுச் சொற்களே விரைவில் பொருள் மங்குகின்றன என்பதற்கு இது தொடக்கக்காலச் சான்று.

3. மெண்டலின் கூட்டுத்தொகைகள்

பம்பஸின் வழக்கத்திற்கு மாறான ஒரு நிலையை மெண்டலின் ஆய்வில் காணலாம். 1866 இல் அச்சான பட்டாணிச் செடி ஆய்வில் மெண்டல் எண்ணிக்கைகளைத் தெளிவாகவே தந்தார். இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதைகள் 5,474, சுருங்கிய விதைகள் 1,850. மஞ்சள் விதைகள் 6,022, பச்சை விதைகள் 2,001. இவை ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்தவை. இவ்வெண்கள் அச்சில் இருந்தமையால், 70 ஆண்டுகளுக்குப் பின்னர், 1936 இல், புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் அவற்றை ஆராய முடிந்தது. மெண்டலின் எண்கள் எதிர்பார்க்கும் விகிதத்திற்கு மிக நெருக்கமாக அமைந்துள்ளன என்றும், தற்செயலாக அவ்வளவு நெருக்கம் அமைவது அரிது என்றும் அவர் காட்டினார்.

இதற்குப் பல விளக்கங்கள் கூறப்பட்டுள்ளன. ஐயத்திற்குரிய விதைகளை எந்தப் பிரிவில் சேர்த்தார், எண்ணுவதை எப்போது நிறுத்தினார், உதவியாளர் எவரேனும் விகிதத்திற்கு ஏற்ப எண்ணினாரா என்பன அவற்றுள் சில. இவற்றுக்கு விடை தரக்கூடிய குறிப்பேடுகள் எஞ்சவில்லை. மெண்டல் அச்சிட்டவற்றுள் பெரும்பகுதி கூட்டுத்தொகைகள். பம்பஸ் தந்தவை தனிப்பறவைகளின் அளவுகள். கூட்டுத்தொகை ஐயத்தை எழுப்பப் போதுமானதாக இருந்தது; அதைத் தீர்க்கப் போதுமானதாக இல்லை. மெண்டலின் விதிகள் பிற ஆய்வுகளால் உறுதிப்பட்டுவிட்டன. ஆனால் அவர் தம் தோட்டத்தில் எவ்வாறு எண்ணினார் என்ற வினா விவாதப் பொருளாகவே நீடிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஆய்விதழ்கள் பெருகியபோது பம்பஸ் பின்பற்றிய வழக்கம் அருகிற்று. நீண்ட அட்டவணைகளை அச்சிடுவது செலவு மிக்கது. சராசரிகளும் வரைபடங்களும் இடம்பெற்றன. முழு அளவுகள் வேண்டுவோர் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

4. எழுத்துகளாக அமைந்த தரவு

தரவைப் பொதுவில் வைக்கும் வழக்கம் மீண்டும் வலுப்பெற்றது மூலக்கூற்று உயிரியலில் ஆகும். 1965 இல் மார்கரெட் டேஹாஃப் அமெரிக்காவில் 65 புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் திரட்டி நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் மூன்று எழுத்துகளால் குறிக்கும் வழக்கத்திற்கு மாற்றாக, ஓர் எழுத்தால் குறிக்கும் முறையையும் அவர் வகுத்தார். கணிப்பொறியின் நினைவகம் மிகச் சிறியதாக இருந்த அக்காலத்தில் இது பெரும் வசதியாக அமைந்தது. புரதங்களை ஒப்பிட்டு உயிரினங்களின் உறவுமுறையை அறியும் பரிணாம ஆய்வுக்கு இத்தொகுப்பு அடித்தளம் இட்டது.

இதன் தொடர்ச்சியாக, 1980 இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரிலும், 1982 இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலும் மரபணு வரிசைகளுக்கான களஞ்சியங்கள் உருவாயின. பின்னது 'ஜென்பேங்க்' எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் அதன் பணியாளர்கள் ஆய்விதழ்களைப் படித்து அவற்றில் அச்சான வரிசைகளைக் கணிப்பொறியில் ஏற்றினர். வரிசைகள் பெருகவே இப்பணி பின்தங்கிற்று. 1980களின் இறுதியில் ஆய்விதழ்கள் ஒரு விதியைக் கொண்டுவரத் தொடங்கின. வரிசையைக் களஞ்சியத்தில் சேர்த்து அதன் பதிவெண்ணைத் தந்தால்தான் கட்டுரை அச்சேறும் என்பதே அவ்விதி. 1996 இல் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத்தொகுதி ஆய்வாளர்கள், 1,000 எழுத்துகளுக்கு மேற்பட்ட வரிசைகளை 24 மணி நேரத்திற்குள் பொதுவில் வைப்பதென ஒப்புக்கொண்டனர்.

மரபணுத் துறையில் இது இயன்றதற்கு மொழிசார்ந்த ஒரு காரணம் உண்டு. டி.என்.ஏ. வரிசை நான்கே எழுத்துகளால் ஆனது. அவ்வெழுத்துகள் சென்னையிலும் டோக்கியோவிலும் ஒரே பொருளைத் தருவன. எந்த உயிரினத்தின் எந்தப் பகுதி என்பது தெரிந்தால் எஞ்சிய விளக்கம் சிறிதே போதும். அத்தகைய பொது எழுத்து சூழலியலுக்குக் கிடைக்கவில்லை.

5. சூழலியலின் இடர்ப்பாடு

ஒரு குளத்தின் தவளைகளை எண்ணுபவர் தாமே ஓர் அட்டவணையை வகுக்கிறார். அதன் தலைப்புகளைத் தமக்குத் தெரிந்த சுருக்கங்களால் எழுதுகிறார். ஒரு கட்டத்தில் சுழி இட்டிருந்தால், அது 'தேடினோம், கிட்டவில்லை' என்பதா, 'அன்று தேடவில்லை' என்பதா என்பதை அவரே அறிவார். சிலர் அளவு எடுக்காத இடத்தை வெற்றிடமாக விடுவர். சிலர் 999 என்ற எண்ணை எழுதுவர். அவ்வழக்கத்தை அறியாத ஒருவர் சராசரி கண்டால் 999 என்பதும் ஓர் அளவாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவில் 1980 இல் ஆறு களங்களில் தொடங்கிய நெடுங்காலச் சூழலியல் ஆய்வுத் திட்டம் இவ்விடரை வெளிப்படுத்தியது. ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தைக் கடந்து தொடர வேண்டிய ஆய்வில், முன்னவர் எழுதியது பின்னவருக்கு விளங்கியே ஆகவேண்டும். 1997 இல் வில்லியம் மிச்செனரும் அவருடன் எழுதியோரும் வெளியிட்ட கட்டுரை இதில் திருப்புமுனையாகும். தரவைப் பற்றிய அறிவு காலப்போக்கில் எவ்வாறு தேய்கிறது என்பதை அவர்கள் ஒரு வளைகோட்டால் காட்டினர். கட்டுரை வெளிவந்த காலத்தில் அவ்வறிவு நிறைந்திருக்கும். பின்னர் நுண்விவரங்கள் மறக்கும். பொது விவரங்களும் மறக்கும். ஆய்வாளர் பணி ஓய்வு பெறும்போது ஒரு சரிவு. அவர் இறக்கும்போது இறுதிச் சரிவு. எண்கள் தாளில் அப்படியே இருக்கும்; அவற்றின் பொருள் மறைந்திருக்கும்.

இதற்குத் தீர்வாக அவர்கள் முன்வைத்தது, தரவைப் பற்றிய தரவை முறைப்படி எழுதுவதாகும். 'மெட்டாடேட்டா' எனப்படும் இதனைத் தமிழில் மீதரவு, மேனிலைத் தரவு எனப் பலவாறு வழங்குகின்றனர். அதன் பணியைக் கருதி இக்கட்டுரை 'விளக்கத்தரவு' என்ற சொல்லைக் கொள்கிறது. மிச்செனர் குழுவின் பரிந்துரைகளிலிருந்து வளர்ந்த வரையறை 'சூழலியல் விளக்கத்தரவு மொழி' எனப் பெயர் பெற்றது. ஆய்வு நிகழ்ந்த இடம், காலம், உயிரினங்கள், முறை ஆகியவற்றோடு, அட்டவணையின் ஒவ்வொரு தலைப்புக்கும் வரையறை, அலகு, அளவு இல்லாமையைக் குறிக்கும் அடையாளம் ஆகியவற்றை எழுதுவதற்கு அதில் இடம் வகுக்கப்பட்டது. அகராதி தொகுப்போர் ஒவ்வொரு பதிவுக்கும் செய்யும் பணியையே இது ஒத்திருக்கிறது.

6. இதழ்களின் பொது விதி

களஞ்சியங்கள் அமைந்தவுடன் தரவு தானாக வந்து சேரவில்லை. உயிரினங்களின் உறவுமுறையைக் காட்டும் மரவரைபடங்களுக்காக 1994 இல் 'டிரீபேஸ்' என்ற களஞ்சியம் உருவாயிற்று. ஆயினும் 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, 7,500க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே தம் மரங்களையோ அவற்றுக்கு அடிப்படையான வரிசை ஒப்பீடுகளையோ பிறர் அணுகுமாறு வைத்திருந்தன எனக் கண்டது. தாமாக முன்வருதல் என்ற முறை போதவில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

2010 இல் பரிணாம உயிரியலின் முதன்மை இதழ்கள் சில கூடி ஒரே விதியை அறிவித்தன. அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட், எவல்யூஷன், மாலிக்யூலர் எக்காலஜி, ஹெரிடிட்டி முதலியன அவற்றுள் அடங்கும். கட்டுரையின் முடிவுகளுக்கு ஆதாரமான தரவை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைப்பது வெளியீட்டுக்கான நிபந்தனையாயிற்று. 2011 முதல் இது நடைமுறைக்கு வந்தது. விரும்பினால் ஓராண்டு வரை தரவைத் திறக்காமல் நிறுத்திவைக்கலாம் என்ற சலுகையும் இருந்தது. ஓர் இதழ் மட்டும் விதித்திருந்தால் ஆய்வாளர் வேறோர் இதழுக்குச் சென்றிருப்பர். பல இதழ்கள் ஒருங்கே விதித்தமையால் அவ்வழி அடைபட்டது. இத்தரவை ஏற்பதற்காக வட கரோலினாவில் 'டிரையாட்' என்ற களஞ்சியம் உருவாக்கப்பட்டிருந்தது.

இவ்விதியின் தேவையை 2014 இல் டிமோதி வைன்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு எண்களால் உணர்த்தியது. 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழமையான 516 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி அவர்கள் தரவைக் கேட்டனர். தரவு எஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு விகிதம் கட்டுரையின் வயது ஓராண்டு கூடும்தோறும் 17 விழுக்காடு குறைந்தது. செயற்படும் மின்னஞ்சல் முகவரி கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதமும் ஆண்டுக்கு 7 விழுக்காடு குறைந்தது. 'வேண்டுவோர் ஆசிரியரைக் கேட்கலாம்' என்ற பழைய ஏற்பாடு நடைமுறையில் பயன் தரவில்லை என்பதை இது மெய்ப்பித்தது.

விதிக்கு எதிர்ப்பும் இருந்தது. பல்லாண்டுகள் ஒரே தீவிலோ ஒரே காட்டிலோ உழைத்துத் திரட்டியதை, களத்தை ஒருமுறையும் காணாத ஒருவர் எடுத்துத் தவறாகப் பொருள் கொள்ளக்கூடும் என நெடுங்கால ஆய்வாளர் பலர் 2015 இல் எழுதினர். இக்கவலை புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் கலாபகசுத் தீவுகளுள் ஒன்றான டாஃப்னி மேஜரில் 1973 முதல் நாற்பது ஆண்டுகள் பிஞ்சுப் பறவைகளில் எடுத்த அளவுகளை டிரையாட்டில் வைத்தனர். அத்தகையோரின் தரவுக்கே விளக்கம் மிகுதியாகத் தேவை. அவ்விளக்கத்தை எழுதத் தகுதியுடையோரும் அவர்களே.

விதி வந்த பின்னரும் குறை முற்றிலும் நீங்கவில்லை. 2015 இல் டொமினிக் ரோஷ் குழுவினர், தரவுப் பகிர்வைக் கட்டாயமாக்கிய இதழ்களின் கட்டுரைகளைச் சேர்ந்த 100 தரவுத் தொகுதிகளை ஆராய்ந்தனர். 56 விழுக்காடு முழுமையற்றவை; 64 விழுக்காடு மறுபயன்பாட்டை ஓரளவோ முற்றிலுமோ தடுக்கும் வகையில் வைக்கப்பட்டிருந்தன. விளக்கம் போதாமையும் தலைப்புகள் பொருள் விளங்காமையும் இத்தகைய குறைகளுள் அடங்கும். கதவு திறந்திருந்தது; உள்ளே இருந்தது படிக்கும் நிலையில் இல்லை.

எனினும் திறந்த தரவின் பயன் 2020 இல் வெளிப்பட்டது. சமூகமாக வாழும் சிலந்திகளின் நடத்தையைப் பற்றிய சில கட்டுரைகளின் தரவில், ஒரே எண் வரிசைகள் விளக்க இயலாதவாறு மீண்டும் மீண்டும் வருவது கண்டறியப்பட்டது. இணையாசிரியர்களே அத்தரவை மறுபடி ஆராய்ந்து கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு வேண்டினர். மெண்டலின் நிலையில் ஃபிஷருக்குக் கிட்டாத முழு அளவுகள் இங்குக் கிட்டியிருந்தன.

7. உள்ளவாறே எழுதுதல்

மேற்கூறியவை தனி ஆய்வுகளின் தரவு. உயிரினங்கள் எங்கே, எப்போது காணப்பட்டன என்ற பதிவுகளின் வரலாறு இதனோடு இணைந்து செல்வது. அருங்காட்சியகங்களிலும் உலர்தாவரத் தொகுப்புகளிலும் இருநூறு, முந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த மாதிரிகளின் சீட்டுகளே அதன் மூலம். 2001 இல் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு இப்பதிவுகளை ஒருங்கிணைத்தது. 2018 இல் அதன் பதிவுகள் நூறு கோடியைக் கடந்தன.

பல நாடுகளின் சீட்டுகளை ஒரே அமைப்பில் கொணரப் பொதுச் சொற்கள் வேண்டும். 'டார்வின் கோர்' என்னும் சொற்றொகுதி 2009 இல் முறைப்படி ஏற்கப்பட்டது. நூலகங்களின் பயன்பாட்டிற்காக 1995 இல் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் தொடங்கிய 'டப்ளின் கோர்' என்பதன் வழியில் இப்பெயர் அமைந்தது. 2000 இல் தொடங்கிய மொழி ஆவணகங்களின் கூட்டமைப்பும் அதே டப்ளின் கோரை அடிப்படையாகக் கொண்டது. தாவரச் சீட்டும் மொழியின் ஒலிப்பதிவும் விளக்கப்படும் முறையில் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

டார்வின் கோரில் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க ஒரு கூறு உண்டு. இடம், நாள், உயரம் முதலியவற்றைத் திருத்திய வடிவில் எழுத ஒரு கட்டமும், மூலத்தில் உள்ளவாறே எழுத மற்றொரு கட்டமும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. இதன் பயனைத் தமிழகத்து மாதிரிகளே காட்டும். தரங்கம்பாடியில் பணியாற்றிய சமயப் பணியாளர் ராட்லர், தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவராகத் தமிழ் அகராதி வரலாற்றில் அறியப்படுபவர். அவர் தாவரங்களைத் திரட்டியவரும் ஆவார். அவர் திரட்டியவற்றுள் பல இன்று இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் உள்ளன. அக்காலத்து ஐரோப்பியர் தரங்கம்பாடியை 'டிராங்கபார்' என்றும், திருநெல்வேலியைத் 'தின்னவெல்லி' என்றும் எழுதினர்.

'தின்னவெல்லி' என்பதைத் 'திருநெல்வேலி மாவட்டம்' எனத் திருத்துவது சரியான மொழிபெயர்ப்பாகத் தோன்றும். ஆனால் அன்றைய மாவட்டத்திலிருந்து 1986 இல் தூத்துக்குடியும், 2019 இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. குற்றாலத்தில் பறித்த செடி இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. மூலச்சொல் அழிந்து திருத்தம் மட்டும் எஞ்சினால், செடி வளர்ந்த இடம் வரைபடத்தில் பெயர்ந்துவிடும்; பிழை நேர்ந்ததைக் கண்டறியவும் வழி இராது. இரண்டும் இருப்பின் பிழையைப் பின்னர் திருத்தலாம்.

வழக்குப் பெயர்களிலும் இந்நிலை உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் சங்குபுட்பம் எனப்படுவது நீலநிறப் பூக்கும் காக்கணங்கொடி. வட இந்தியாவில் 'சங்கபுஷ்பி' என்ற பெயரால் பெரிதும் வழங்குவது நிலத்தில் படரும் வேறொரு குடும்பச் செடி. ஒரு தமிழ்க் களக்குறிப்பை இந்திக்கு மாற்றுபவர் பெயரின் ஒலியொப்புமையைப் பின்பற்றினால், ஒரு தாவரத்தின் இருப்பிடம் மற்றொரு தாவரத்தின் கணக்கில் சேரும். எனவே வழக்குப் பெயரோடு அது எம்மொழியில், எவ்வூரில் வழங்குவது என்பதும் பதியப்பட வேண்டும்.

8. திறக்கலாகாதவை

எல்லாவற்றையும் திறப்பது நன்மையே தரும் என்று கொள்வதற்கில்லை. 1999 இல் தென்சீனாவின் ஒரு வகைக் குகைப்பல்லி புதிய இனமாக விவரிக்கப்பட்டது. வளர்ப்பு விலங்கு வணிகர்கள் அவ்விடத்தை நாடிச் சென்றனர். முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட இடத்திலேயே அது அற்றுப்போனது என 2006 இல் அறிவிக்கப்பட்டது. 2010 இல் இதழ்கள் அறிவித்த விதியும் அழிவுநிலை உயிரினங்களின் இருப்பிடத்திற்கு விலக்களித்திருந்தது. டார்வின் கோரில், விவரம் மறைக்கப்பட்டுள்ளது என்பதையும் இடம் பொதுமைப்படுத்தப்பட்டுள்ளது என்பதையும் கூறுவதற்குத் தனிக்கட்டங்கள் உள்ளன. மறைப்பதையும் வெளிப்படையாகச் சொல்லி மறைப்பது இதன் சிறப்பு.

மக்களின் அறிவு தரவாகும்போது வினா மேலும் கடினமாகிறது. இந்தியாவில் 2002 ஆம் ஆண்டின் பல்லுயிரியச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. அவற்றில் உள்ளூர்ப் பெயர்களும் பயன்பாடுகளும் இடம்பெறுகின்றன. அவற்றை முற்றிலும் திறந்துவிடின், அறிவை வழங்கிய மக்களுக்குப் பயன் கிட்டாமல் போகலாம். முற்றிலும் மூடிவைத்தால் முதியோர் மறைவோடு பெயர்களும் மறையலாம். 2019 இல் தொல்குடிகளின் தரவு உரிமைக்காக வகுக்கப்பட்ட நெறிகள், கூட்டுப்பயன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் ஆகிய நான்கையும் வலியுறுத்தின. தந்தவரைக் கேட்டே தரவைப் பொதுவாக்க வேண்டும் என்பது இவற்றின் சாரம்.

9. கலைச்சொல் பற்றிய குறிப்பு

இவ்வரலாற்றைத் தமிழில் எழுதும்போது 'திறந்த', 'கட்டற்ற', 'பொது' என்ற மூன்று அடைகளும் ஒன்றற்கு ஒன்று மாற்றாக ஆளப்படுகின்றன. அவற்றை வேறுபடுத்துவது நன்று. எவரும் காணத்தக்கது திறந்த தரவு. உரிமத் தடையின்றி எவரும் எடுத்தாளத்தக்கது கட்டற்ற தரவு. டிரையாட் தன் தரவை உரிமை துறப்பு முறையில் வழங்குவது இவ்வகை. பலர்க்கும் பொருள் விளங்கி, பலரும் ஒருங்கே பயன்கொள்ளத்தக்கதே பொதுத்தரவு எனப்படத் தகும். ரோஷ் குழுவினர் ஆராய்ந்தவற்றுள் பல திறந்தவை. ஆயினும் பொதுவானவை அல்ல. ஒரே அடையால் மூன்றையும் குறித்தால் இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.

10. முடிவுரை

பம்பஸின் அட்டவணை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்படுவதற்கு இரு காரணங்கள் உண்டு. அவர் தனிப்பறவையின் அளவை மறைக்காமல் அச்சிட்டார். அவ்வளவு எதனுடையது என்பதைச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட இடத்தில் இன்றும் ஐயம் நிற்கிறது. ஜென்பேங்க், டிரையாட், டார்வின் கோர் ஆகியவற்றின் வரலாறும் இவ்விரு கடமைகளைப் பெரிய அளவில் நிறைவேற்ற மேற்கொண்ட முயற்சியே ஆகும். முதற்கடமையை விதியால் நிறைவேற்ற இயன்றது. இரண்டாவது ஒவ்வோர் ஆய்வாளரும் தம் கையால் எழுத வேண்டியது. அதனை விதி மட்டும் நிறைவேற்றித் தராது.

இந்திய மொழிகளில் எழுதப்பட்ட களக்குறிப்பேடுகள், சூழலியலைச் சார்ந்தவையாயினும் மொழியியலைச் சார்ந்தவையாயினும், மிச்செனர் காட்டிய வளைகோட்டின் சரிவில் எங்கோ ஓரிடத்தில் உள்ளன. எழுதியவர் உள்ளபோதே சுருக்கங்களை விரித்தும், வழக்குச் சொல்லுக்கு ஊரும் மொழியும் குறித்தும், மூலத்தை மாற்றாது அதன் அருகில் பெயர்ப்பைச் சேர்த்தும் வைத்தால், அவை பின்வருவோருக்குத் தரவாக நிற்கும். எழுதியவர் மறைந்தபின் இப்பணியைச் செய்ய எவராலும் இயலாது.